விக்கிறதுக்கு மட்டும் தமிழ் வேணுமாம்

நேத்துலேர்ந்து எல்லாரும் ஷேர் பண்றீங்களே, இங்க வெளிநாட்டுல நம்மாளுங்களுக்கு விக்க போன் கம்பெனி தமிழ்ல போட்ட அந்த சிம் கார்டு போஸ்டர், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்தெல்லாம் பிரிஞ்சு கிடக்குதே, பார்த்து நானும் சிரிச்சேன். கமெண்ட்ல ஒருத்தர் "தமிழ்ல போட்டதே பெருசு, இதுலயும் குத்தமா"ன்னு கேட்டார் பாருங்க, அங்க சிரிப்பு நின்னுச்சு.

பெருசுதான் சார். விக்கிறதுக்கு தமிழ். கான்ட்ராக்ட் தமிழ்ல இருக்கா? பில் எகிறிடுச்சுன்னு போன் போட்டா எடுக்கிறவங்களுக்கு தமிழ் வருதா?

நாங்க குடியேறின புதுசுல "வாங்கண்ணே, நாமெல்லாம் ஒண்ணு"ன்னு ஒருத்தர் எங்கப்பா தலையில ஒரு பிளானை கட்டினார். ரெண்டு வருஷத்துக்குள்ள விட்டா பணம் கட்டணும்ங்கிறது மட்டும் பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல. பில் வந்தப்போ கஸ்டமர் கேர்ல பேசினது நான், வயசு 12. அக்கவுன்ட் அவர் பேர்ல இருக்கு அவர்தான் பேசணும்னுட்டாங்க, அதனால குரலை கனமாக்கி நானே அப்பா ஆயிட்டேன், அவர் பக்கத்துல நின்னு பிறந்த தேதியை விரல்ல காட்டிட்டு இருந்தார்.

"படிக்காம கையெழுத்து போட்டது யார் தப்பு"ன்னு வருவீங்க, தெரியும். ஊருக்கு போன் பேச முன்னாடியே காசு குடுத்து வாங்குவோமே காலிங் கார்டு, அதை படிச்சுதானே வாங்கினோம்? முன்னாடி கொட்டை எழுத்துல இத்தனை நிமிஷம்னு இருக்கும், கனெக்‌ஷன் சார்ஜ், மெயின்டனன்ஸ் சார்ஜ் எல்லாம் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், சுரண்டி நம்பர் அடிச்சு பேசிட்டு இருக்கும்போதே கட்டாகும். 2008ல அமெரிக்காவுல வாங்குறவங்களை ஏமாத்தாம பார்த்துக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனே கார்டு வித்தவங்க மேல கேஸ் போட்டுச்சு, சொன்ன நிமிஷத்தை தரலைன்னு. அந்த கார்டுங்க பெரும்பாலும் யாருக்கு வித்ததுன்னு நினைக்கிறீங்க? வந்தேறிங்களுக்குத்தான்.

கலிஃபோர்னியாவுல ஸ்பானிஷ், சீனம், டகாலோக், வியட்நாமீஸ், கொரியன்ல பேரம் பேசினா சில வகை ஒப்பந்தத்தை அதே மொழியில குடுத்தாகணும்னு சட்டமே இருக்கு. தமிழ் லிஸ்ட்ல இல்ல, அது கிடக்கட்டும். முடியும்ங்கிறதுக்கு சொல்றேன். மனசுதான் இல்ல.

தமிழ்ல பேசி சிம் விக்க நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்குதேன்னா, கிடைக்குது, சந்தோஷம். என் கோவம் அந்த பசங்க மேல இல்ல. வீட்டுல அதட்டி பேசுற மனுஷன், போனை என் கையில குடுத்துட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாரே, அதுக்கு எந்த கம்பெனி ரீஃபண்ட் குடுக்கும்?

போன வாரம்கூட "கம்பெனிக்காரன் லைன்ல இருக்கான், கொஞ்சம் பேசுப்பா"ன்னார். இப்பல்லாம் குரல் மாத்த வேண்டியதில்ல. எனக்கே அவர் குரல் வந்துடுச்சு.