ஆலங்கட்டி மழையும் கூரைச் செலவும் கடன் முடிந்த வீடுகளும்

கூரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டுக் கடன் முடிந்துவிட்டதா என்பதைத்தான். கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் ஆலங்கட்டியும் காற்றும் சேர்ந்து அடித்த பிறகு, குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அண்டை வீட்டாருக்குக் கோரிக்கைப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தபோது, அதிகச் சேதம் அடைந்தவர்களைவிடக் கடனை அடைத்து முடித்தவர்களே அதிகம் நொந்துபோனதை நேரில் கண்டேன். கடன் இருக்கும் வரை, வீடு தனக்கு அடமானம் என்பதால் வங்கி தீக்காப்புறுதியை வற்புறுத்துகிறது. பிரீமியமும் ஆண்டுதோறும் நம் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. கடைசித் தவணை கட்டி, கிராண்ட் எனும் நில உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் அந்த ஏற்பாடு ஓசையில்லாமல் நின்றுவிடுகிறது. எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "பேங்க்ல எல்லாம் முடிஞ்சிருச்சு, இனிமே ஒன்னும் கட்ட வேணாம்னு சொன்னாங்க தம்பி" என்றார். அவர் வீட்டில் முகட்டு ஓடுகள் சரிந்து, மேல்மாடி சிலிங் முழுவதும் ஊறிக் கீழே விழுந்திருந்தது. அவருடைய காப்புறுதி காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆலங்கட்டி நம் நாட்டில் அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். மேகத்துக்குள் பனிக்கட்டி உருவாவது அபூர்வமன்று. வெப்பமண்டலத்தில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், சிறிய கட்டிகள் தரையைத் தொடுமுன் கரைந்து மழைத்துளியாகிவிடுகின்றன, அவ்வளவுதான். இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் திரளும் இடிமேகங்கள் சில வேளைகளில் கட்டிகளைக் கரையவிடாமல் கீழே தள்ளிவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்து இறங்கும் குளிர்காற்றுதான் உண்மையான சேதத்தைச் செய்கிறது. பினாங்கில் இருக்கும் என் உறவினர்களுக்கு ஆலங்கட்டியைவிடச் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் கடல் தாண்டி வரும் காற்று வரிசையே பெரும் பயம். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களிலும் 2019 ஆகஸ்டிலும் அந்த வகையில் சேராத புயல் தாக்கத்தால் அங்கே வீசிய காற்றில் கூரைகள் பறந்ததையும் அவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

கோலி அளவுள்ள ஆலங்கட்டி நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் ஓட்டை உடைப்பதில்லை. வெயிலில் வெளிறி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்ட பாலிகார்பனேட் முன்தாழ்வாரத்தையும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும், ஏற்கெனவே விரிசல் கண்ட ஓடுகளையும்தான் உடைக்கிறது. அதன் பிறகு காற்று முகட்டு ஓட்டைத் தூக்க, அந்த வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. எது எதனால் உடைந்தது என்ற இந்த வரிசை பின்னால் காப்புறுதிக் கோரிக்கையில் மிக முக்கியமாகிவிடும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

இனிச் செலவுக்கு வருகிறேன். இருபது அடி அகலமும் நாற்பது அடி நீளமும் உள்ள இரட்டை மாடி வரிசை வீட்டின் கூரை 800 சதுர அடி என்று பலர் கணக்கிடுகிறார்கள். அது தரைப் பரப்பு. கூரை 25 பாகை சாய்ந்திருந்தால் பரப்பு பத்து விழுக்காடு கூடும். 30 பாகை என்றால் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்தையும் சேர்த்தால் ஆயிரம் சதுர அடியை நெருங்கிவிடும். "சதுர அடிக்கு இத்தனை வெள்ளி" என்று சொல்லும் குத்தகையாளரிடம், எந்தச் சதுர அடி என்று கேட்காமல் தலையாட்டிவிட்டு, வேலை முடிந்தபின் அளவு கூடிவிட்டது என்று சண்டை போடுவதில் பயனில்லை.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கு வந்த விலைப்பட்டியல்கள் 9,500, 18,000, 27,000 ரிங்கிட் என்று இருந்தன. வீட்டுக்காரர், நடுவில் உள்ளவர் நியாயமானவர், மற்ற இருவரில் ஒருவர் ஏமாளி, இன்னொருவர் கொள்ளைக்காரர் என்று முடிவுகட்டிவிட்டார். தாளை வாங்கிப் படித்துப் பார்த்தால் மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருந்தார்கள். முதலாமவர் ஓடுகளை மட்டும் மாற்றி, ஓடுகளைத் தாங்கும் பழைய ரீப்பர் சட்டங்களை அப்படியே விட்டுவிடுவார். இரண்டாமவர் ரீப்பர், அதன் கீழே விரிக்கும் அலுமினியத் தாள், முகட்டுச் சாந்து, சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகடு ஆகியவற்றையும் புதிதாகப் போடுவார். மூன்றாமவர் மரச் சட்டகத்தையே கழற்றிவிட்டு இரும்புச் சட்டகம் நிறுத்துவார். எது தேவை என்பது தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. சிலிங்கில் உள்ள திறப்பு வழியாக விளக்கோடு ஏறிப் பார்த்தேன். அலுமினியத் தாள் கிழிந்து தொங்கியது. அதன் மேல் பல்லி எச்சமும் ஓட்டுத் தூளும் படிந்திருந்தன. சுவரையொட்டி ஓடிய கைமரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போயிற்று; அத்தனையும் கரையான் தின்ற வெறும் தோல். அதற்கு நேர்மேலே இருந்த ஓடுகள் ஒன்றுகூட உடையவில்லை. அந்த வீட்டுக்கு 9,500 ரிங்கிட் வேலை மலிவானது அன்று, அடுத்த காற்றுக்கு முன்பணம்.

எடையையும் யாரும் பேசுவதில்லை. கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிலோ வரும். மெட்டல் டெக் எனப்படும் இரும்புத் தகடு 5 கிலோ. ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது நான்கு டன்னுக்கும் அரை டன்னுக்கும் உள்ள வேறுபாடு. தகரக் கூரை இருந்த பழைய சட்டகத்தின் மேல் அழகுக்காக ஓடு ஏற்றுவது ஆபத்து என்பது எளிதில் புரியும். ஓடுகளை எடுத்துவிட்டுத் தகடு போடும்போது கூரை இலேசாகிவிடுவதால், காற்று தூக்காமல் இருக்கச் சட்டகத்தைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தகட்டின் தடிப்பிலும் ஒரு தந்திரம் உண்டு: 0.48 மில்லிமீட்டர் என்று விலைப்பட்டியலில் இருப்பது பூச்சோடு சேர்ந்த அளவாக இருக்கலாம்; உள்ளே இருக்கும் இரும்பு 0.42 மட்டுமே. எந்த அளவு என்று எழுதி வாங்க வேண்டும். வரிசை வீடுகளில் கூரை வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடுவதால், நாம் தகட்டுக்கு மாறி அடுத்த வீட்டுக்காரர் ஓட்டிலேயே இருந்தால், பொதுச்சுவரின் மேல் இரண்டும் சேரும் இடம்தான் முதலில் ஒழுகும். அந்த இணைப்பை யார் செய்வது, யார் பணம் தருவது என்பதை வேலை தொடங்குமுன் பேசிவிட்டால் பத்து ஆண்டு நட்பு பிழைக்கும்.

காப்புறுதி உள்ளவர்களின் நிலையும் முழுக்க நிம்மதியானது என்று சொல்வதற்கில்லை. அடிப்படைத் தீக்காப்புறுதி என்பது தீ, இடி, வீட்டுச் சமையல் வாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். புயற்காற்றையும் வெள்ளத்தையும் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். 'ஹவுஸ் ஓனர்' பாலிசி கட்டடத்துக்கானது, அதில் காற்றும் வெள்ளமும் பொதுவாக அடங்கும். 'ஹவுஸ் ஹோல்டர்' என்பது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கானது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்று இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவை இடர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் பாலிசிகள். ஆலங்கட்டி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லாமல் காற்று மட்டும் இருந்தால், காற்று எதைச் செய்தது என்பதற்குப் படமும் உடைந்த ஓடும் சான்றாகத் தேவைப்படும். ஆகவே தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அதன் ரசீதை வையுங்கள், உடைந்ததை உடனே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். முன்தாழ்வாரம், வெளி வேலி, கேட் போன்றவற்றுக்கு ஏற்படும் காற்றுச் சேதத்தைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. எங்கள் தாமானில் ஆலங்கட்டி மிக அதிகமாக உடைத்தது அந்த முன்தாழ்வாரங்களைத்தான்.

இதைவிடப் பெரிய அடி, காப்புறுதித் தொகை போதாமல் போவதில் இருக்கிறது. தொண்ணூறுகளில் வீடு வாங்கியபோது கடனை ஒட்டி 120,000 ரிங்கிட் என்று எழுதப்பட்ட தொகை அப்படியே தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டை இன்று திரும்பக் கட்ட 300,000 ஆகுமென்றால், நாம் வீட்டின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மட்டுமே காப்புறுதி எடுத்தவர்கள் ஆகிறோம். கூரைச் சேதம் 18,000 என்றால், எந்தப் பங்குக்குக் காப்புறுதி எடுத்தோமோ அந்தப் பங்கை மட்டும் தரும் சராசரி விதியின்படி கிடைப்பது 7,200. நாம் ஏற்கவேண்டிய கழிவுத் தொகையும் போக ஏறக்குறைய ஏழாயிரம். சேதம் காப்புறுதித் தொகைக்குள்தானே இருக்கிறது, ஏன் வெட்டுகிறார்கள் என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டார். கோபம் நியாயமானது, விதியோ பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையில் போய், நிலத்தின் மதிப்பையும் சேர்த்து ஏழு இலட்சத்துக்குக் காப்புறுதி எடுப்பதும் வீண், ஏனெனில் நிலத்தை எந்தக் காற்றும் கொண்டுபோவதில்லை. திரும்பக் கட்டும் செலவை மதிப்பிட, மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம் இணையத்தில் ஒரு கணிப்பியை வைத்திருக்கிறது. 2016 ஜூலையிலிருந்து தீக்காப்புறுதிக் கட்டணங்கள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு வருவதால், ஒரே வீட்டுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை கேட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் என் சிற்றப்பா மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். அங்கே ஆலங்கட்டி கிரிக்கெட் பந்து அளவுக்கும் விழுகிறது. வீட்டுக்காரர் தன் கையிலிருந்து போடவேண்டிய முதல் தொகை காப்புறுதித் தொகையில் ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று இருப்பதால், அது பல ஆயிரம் டாலராகிவிடும். அந்தத் தொகையை நாங்களே தள்ளுபடி செய்கிறோம் என்று சொல்லிக் குத்தகையாளர்கள் வேலை பிடிப்பதை 2019இல் அம்மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் ஹவுஸ் ஓனர் பாலிசிகளில் காற்றுச் சேதத்துக்கு வழக்கமாக உள்ள கழிவு, காப்புறுதித் தொகையில் ஒரு விழுக்காடு அல்லது 200 ரிங்கிட், இவற்றில் எது குறைவோ அது. அவ்வளவு சிறிய தொகைக்கும்கூட "கிளேம்ல சேர்த்து எழுதிடலாம் அண்ணே" என்று இங்கே ஒரு குத்தகையாளர் வந்து நின்றார். அது உதவியன்று, மோசடி. மாட்டிக்கொண்டால் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய மலிவுவிலை வீடுகள் பலவற்றில் அந்தத் தகடு இன்னும் இருக்கிறது. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவம் வகைப்படுத்தியிருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதைத் தடைசெய்யும்படி நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. ஆலங்கட்டி உடைத்த தகட்டை உலர்ந்த நிலையில் அறுப்பதும், துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்குவதும், லாரியில் ஏற்றி ஆற்றங்கரையில் கொட்டுவதும் குடும்பத்துக்கும் வேலையாட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்யும் கேடு. நனைத்து, உடைக்காமல் கழற்றி, மூடிக் கட்டி, முறையாக அகற்றும் செலவு விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும். அது இல்லாத மலிவு விலையை நான் விலையாகவே கருதுவதில்லை.

அடுக்குமாடியின் மேல்தளத்தில் வசிப்பவர்கள் கூரைச் செலவைத் தாங்களே சுமக்க வேண்டியதில்லை; 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கூரை பொதுச் சொத்து, அதற்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாகத்தின் கடமை.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் குத்தகையாளர் மீது, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே ஐந்து ரிங்கிட் கட்டிப் பதிவு செய்யலாம். காப்புறுதி நிறுவனத்தின் இறுதி முடிவு நியாயமாகப் படவில்லையென்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றிப் போகலாம். அதற்கும் காலக்கெடு உண்டு என்பதால் கடிதம் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். காப்புறுதி இல்லாத பலர், ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட, ஓய்வுக்கு முன்பே பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கைத்தான் துடைத்தெடுத்தார்கள். முதுமைக்கு வைத்த பணம் கூரைக்குப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

வங்கிகளிடம் நான் எதிர்பார்ப்பது சிறிய காரியம். கடன் முடிந்ததற்கான கடிதத்தில், உங்கள் வீட்டுக் காப்புறுதி இந்தத் தேதியோடு முடிகிறது, அதில் எழுதியிருந்த தொகை இவ்வளவு, இன்று திரும்பக் கட்டும் செலவு அதைவிடக் கூடியிருக்கலாம் என்று தடித்த எழுத்தில் மூன்று வரி அச்சிட வேண்டும். முப்பது ஆண்டு தவணை தவறாமல் பிடித்தம் செய்யத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய சிரமமில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டு எங்கள் சங்கத்தின் பெயரில் கடிதம் ஒன்று தயாராகிறது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இதே நிலையில் உள்ள குடியிருப்பாளர் சங்கங்கள் தங்கள் பெயரையும் சேர்க்க விரும்பினால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் தாமானில் கடன் முடிந்த வீடுகள் எத்தனை, அவற்றில் காப்புறுதி நடப்பில் உள்ளவை எத்தனை என்று கேட்டறிந்து எழுதினால் கடிதத்தோடு இணைக்க உதவும்.