மேளத்துக்கு எதற்கு மைக்?

விடியப்புறம் நாலரை மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. கோயில் கூரையில் நாலு திசையையும் பார்த்தபடி நாலு குழாய் ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறார்கள். அதில் சினிமா மெட்டில் பாடிய பக்திப்பாட்டு போகிறது. நேற்றும் அதே பாட்டு, முந்தநாளும் அதே பாட்டு. ஜன்னல் கண்ணாடி அதிருகிறது. எண்பது வயது தாண்டிய அம்மா தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறா. பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு புத்தகத்துக்கு முன்னால் இருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

சத்தமே கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் மாதமும் நேரமும் சத்தத்தில்தான் தெரிந்தது. கிணற்றுத் துலா ஏறி இறங்கும் கிறீச்சுச் சத்தம் கேட்டால் ஐயா தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். சோளகக் காற்று தொடங்கினால் பனங்காணிக்குள் காய்ந்த காவோலை உரசுகிற சத்தம் இரவு முழுக்க இருக்கும். மார்கழியில் திருவெம்பாவை நாட்களில், இதே விடியப்புறத்தில், பெடியள் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார்கள். அதுவும் நித்திரையைக் குழப்புகிற சத்தம்தான். ஆனால் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, படலையைத் தாண்டி, பிறகு தேய்ந்துகொண்டு போய்விடும். நடந்து வந்த சத்தம் நடந்தே போனது. போர்வைக்குள் கிடந்தபடி அது இப்போது எந்தச் சந்தியில் நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பது எனக்கு அந்த மாதத்தின் பெரிய சந்தோசம்.

தை பிறந்தால் விண். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். மெல்லிய சலாகையை வில்லாக வளைத்து, அதில் நாரை இழுத்துக் கட்டி, பட்டத்தின் தலையில் பூட்டுவோம். வாடைக்காற்று பட்டதும் நார் அதிர்ந்து கூவத் தொடங்கும். இருட்டினாலும் பட்டத்தை இறக்கமாட்டோம். கயிற்றை வடலியிலோ பூவரசிலோ கட்டிவிட்டுப் போய்ப் படுப்போம். காற்று ஏறினால் குரல் ஏறும், காற்று விழுந்தால் குரலும் விழும். எது யாருடைய விண் என்று பாயில் கிடந்தே சொல்லுவோம். நடுச்சாமத்தில் ஒரு குரல் திடீரென்று நின்றால், ஐயோ பட்டம் விழுந்துவிட்டதே என்று நெஞ்சு துடிக்கும். இந்தத் தையிலும் பெடியள் ஏற்றினார்கள். நாலரை மணிக்குப் பாட்டுப் போட்டதோடு அதன் சத்தம் போய்விட்டது. பட்டம் மேலேதான் நின்றது, எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கூரையில் ஸ்பீக்கர் பூட்டியவர்களுக்கும் என் வயதுதான். 1990க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், இங்கே கரண்ட் இல்லாமல் எத்தனை வருடம் இருந்தோம்? பற்றரி வாங்க வழியில்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தோம். இரவு பிபிசி தமிழோசை கேட்க ஒருவர் சுற்றுவார், நாலு வீட்டுச் சனம் சுற்றி இருந்து கேட்கும். சுற்றுகிறவர் களைத்தால் குரல் இழுபடும், அடுத்தவர் கை மாற்றுவார். செய்தி முடிந்து திருச்சி வானொலியில் ஒரு பாட்டுப் போனால், அந்த ஒரு பாட்டுக்காகக் கை வலிக்க வலிக்கச் சுற்றியிருக்கிறேன். பாட்டுக்கு நடுவில் குண்டு போடுகிற பொம்மர் இரைச்சல் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். அப்படிப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். இன்றைக்கு ஒரு சுவிச்சைத் தட்டினால் போதும் என்றதும், ஒருவரும் கேட்காத பாட்டை ஊர் முழுக்கக் கொட்டுகிறோம். இதை எப்படிப் பொறுப்பது?

பஸ்ஸிலும் இதே கதைதான். பருத்தித்துறைக்குப் போய் இறங்குமட்டும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாம் இப்படியே ஆகிவிட்டது. சரி, அவை ஒரு நாளோடு முடிகிற விசயம், விடுவோம்.

ஆனால் மேளத்தை, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த அந்த வாசிப்பை, விடமாட்டேன். இந்த மண்ணின் மேளம் கடல் கடந்து பேர் எடுத்த மேளம். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பேரைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் தலை வணங்கித்தான் சொல்லுவார்கள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்க எங்கள் ஐயா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி எத்தனையோ கட்டை தூரம் மிதித்திருக்கிறார். இணுவிலிலும் அளவெட்டியிலும் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே தாளம் பழகுவார்கள் என்று ஐயா சொல்லுவார். மேளச் சமா என்றால் விடிய விடிய வீதி மண்ணில் குந்தியிருந்து கேட்ட ஊர் இது. இரண்டு தவில் எதிரும் புதிருமாக நின்று சொல்லுக்குச் சொல், அதாவது அடிக்கு அடி, பதில் கொடுக்கும்போது, படிக்காத கிழவர் கூடக் கையில் தாளம் போட்டுக் கணக்குப் பார்ப்பார். கணக்கை முடிக்கிற தீர்மானம் வந்து சரியாக விழுந்தால் வீதியே “ஆ” என்று சொல்லும்.

அந்த மேளத்துக்கு முன்னால்தான் இப்போது மைக் வைக்கிறார்கள்.

ஏன்? நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே செய்த வாத்தியம். தேருக்கு முன்னால் நடந்துகொண்டு ஊதினாலும் நாலு வீதிக்கும் கேட்கும். தவிலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இவற்றை ஒலிபெருக்க வேண்டிய தேவை என்ன? நாதஸ்வரத்தின் வாய் விரிந்த அணசுக்கு நேரே மைக்கைப் பிடித்து, சவுண்டையும் முழுக்கத் திறந்துவிட்டால் தோடி ராகம் கிழிந்த தகரமாக வருகிறது. குழாய் ஸ்பீக்கருக்குக் கனத்த நாதத்தை எடுக்கத் தெரியாது. தவிலின் தொப்பிப் பக்கம் கம்பால் விழுகிற அடி அதில் செத்துப்போகிறது, மற்றப் பக்கம், வலந்தலையில், விரல்களில் போட்ட கூடு அடிக்கிற சத்தம் மட்டும் காதைக் குத்துகிறது. இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். நீங்கள் மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், ஸ்பீக்கர் நூறு மீற்றர் தள்ளித் தெருமுனையில் கட்டியிருக்கிறது என்றால், அதில் இருந்து வருகிற அடி கால் செக்கனுக்கும் மேலே பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும். வேகமாக அடிக்கிற துரித காலத்தில் அந்தக் கால் செக்கனுக்குள் எத்தனை சொல் விழும் தெரியுமா? ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கிறது. வருடக் கணக்காகச் சாதகம் செய்து வந்த ஒருவரின் கணக்கை ஒரு வயர் குழப்பிவிடுகிறது. பிறகு, இப்போதைய பெடியளுக்கு மேளம் கேட்கப் பிடிக்கவில்லை என்று கவலைப்படுகிறோம். அவர்களுக்கு மேளத்தை எங்கே கேட்க விட்டோம்?

சட்டமும் இருக்கிறது. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று சொன்னது. விசேட சமய நிகழ்வு என்றால் சுற்றிவர இருக்கிற சனத்தின் கருத்தைக் கேட்டுத்தான் விதிவிலக்குக் கொடுக்கலாம். எல்லாச் சமயத்துக்கும் ஒரே விதி. எங்கள் ஒழுங்கையில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

நான் போய்ப் பேசினேன். நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர் ஒருவரிடம், மரியாதையாகத்தான், “அண்ணை, விடியப்புறத்தில கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன், அம்மாவுக்கு ஏலாது” என்றேன். “தம்பி, சாமி காரியத்தில தலையிடாதையும். உமக்கு ஏலாட்டிக் கதவைப் பூட்டிப்போட்டுப் படும்” என்றார். என் ஐயா கல்லுச் சுமந்து கட்டின கோயில் அது. அந்த வாசலில் நின்று இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தேன்.

போன வருடத் திருவிழாவில் ஒரு நாள் இரவு, சாமி வடக்கு வீதிக்குத் திரும்புகிற நேரம் கரண்ட் நின்றது. ஸ்பீக்கர் அத்தனையும் செத்தது. தீவட்டி வெளிச்சம் மட்டும் இருந்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தவில்லை. முதல் இரண்டு நிமிடம் சனத்துக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை, சத்தம் குறைந்ததும் தங்கள் கதையையும் குறைத்துக்கொண்டார்கள். பிறகு தள்ளி நின்றவர்கள் கிட்ட வரத் தொடங்கினார்கள். கச்சான் விற்கிற அம்மா கடையை விட்டுவிட்டு வந்து நின்றா. இரண்டு தவிலும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டு அடித்தன, அடித்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. ஐயா சைக்கிளில் கொண்டுபோய்க் கேட்பித்தது இதைத்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன், ஏழு எட்டு வயது இருக்கும், தகப்பனின் தோளில் இருந்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிடத்தில் ஜெனரேற்றர் போட்டார்கள். ஸ்பீக்கர் ஒரு தரம் கூவியது. பெடியன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். கிட்ட வந்த சனம் பழையபடி தள்ளிப் போய் நின்றது.

இந்த வருடம் எங்கள் குடும்பத்து உபயம் ஏழாம் திருவிழா. மைக் செற்றுக்கு நான் ஒரு சதமும் தரமாட்டேன், அந்தக் காசுக்கு இன்னொரு கூட்டம் மேளம் பிடியுங்கள், அன்றைக்கு ஒரு நாளாவது மேளத்துக்கு முன்னால் மைக் வேண்டாம் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று கிழமையாகிறது. பதில் இல்லை. வாற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறதாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.