எம்சி எடுத்தால் அலவன்ஸ் கட்: யாருக்கு நட்டம்?

சிங்கப்பூரில் முதலாளிகளான நாம் ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளச் சீட்டில் 'முழு வருகை அலவன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வந்தால் ஐம்பது வெள்ளியோ நூறு வெள்ளியோ கிடைக்கும். ஒரே ஒரு நாள் எம்சி (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு) எடுத்தால் மொத்தமும் போச்சு. முதலாளிக்கு அது ஊக்கத்தொகை, காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அது அபராதம். வயிற்றுப்போக்கு உள்ள சமையல்காரர் கரண்டியைப் பிடிப்பதும், தலைசுற்றலோடு ஒருவர் சாரத்தில் ஏறுவதும் இந்த ஒரு வரியால்தான்.

சட்டம் கொடுப்பது இது: வேலையில் சேர்ந்து 3 மாதம் முடிந்தால் 5 நாள், 6 மாதம் முடிந்தால் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். ஒரு கையால் இதைக் கொடுத்துவிட்டு மறு கையால் அலவன்ஸைப் பிடுங்குகிறோம்.

வெளிநாட்டு ஊழியர் என்றால் எம்சி நாளிலும் லெவி (அவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை) ஓடுகிறதே என்ற எரிச்சல் புரிகிறது. கட்டுமானத் துறையில் தேர்ச்சி பெற்றவருக்கு மாதம் 500 வெள்ளி, அதாவது நாளுக்கு 16 வெள்ளி 44 காசு. மருத்துவமனையில் சேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை விலக்குக் கேட்கலாம், வெளிநோயாளி எம்சிக்குக் கிடையாது. சரி, அந்தப் பதினாறு வெள்ளியையும் ஒரு நாள் சம்பளத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். காய்ச்சலில் அளவு பிசகி வெட்டிய கேபிள் ட்ரேயை (மின்கம்பிகளைத் தாங்கும் தட்டு) கழற்றி மறுபடி போடும் கூலியை இன்னொரு தட்டில் வையுங்கள்.

சின்னக் காயத்தை மறைப்பது இதைவிட மோசம். விரலில் வெட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலை, நாலாம் நாள் சீழ், அப்புறம் மருத்துவமனை. 2020 செப்டம்பரிலிருந்து வேலையிடக் காயத்துக்கு ஒரே நாள் எம்சி கிடைத்தாலும், 'லைட் டியூட்டி' என்று டாக்டர் எழுதினாலும், மனிதவள அமைச்சுக்கு 10 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். அறிவிக்காவிட்டால் குற்றம். ஆள் பயந்து மறைத்தது கடைசியில் கம்பெனி தலையில் விடியும்.

அலவன்ஸை எடுத்துவிடச் சொல்லவில்லை. 'சொல்லாமல் கொள்ளாமல் வராத நாளுக்கு மட்டும் வெட்டு' என்று விதியை மாற்றுங்கள். ஒரு வரித் திருத்தம், செலவு கிட்டத்தட்ட இல்லை.

ஊழியர் நலத்தில் அடுத்தது தூக்கம். ஓடியை (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) குறை என்றால் முதலில் சண்டைக்கு வருவது ஊழியர்தான். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி உள்ளவருக்கு ஓடி மணிக்கு 6 வெள்ளி 29 காசு. மாத உச்சவரம்பான 72 மணி நேரமும் செய்தால் சுமார் 453 வெள்ளி. ஊரில் கடன் அடைவதே அந்தப் பணத்தில்தான். ஆகவே ஓடியில் கை வைக்காமல் லாரியில் கை வையுங்கள். ஏழு மணிக்கு வேலை முடிகிறது. இன்னொரு சைட்டின் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு லாரி வர எட்டு ஆகிறது, டார்மிட்டரி (ஊழியர் தங்கும் விடுதி) சேர ஒன்பது. குளிக்க வரிசை, அடுப்புக்கு வரிசை. பத்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தால் ஊரில் ஏழரை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அப்பா பேசாமல் இருப்பாரா? படுக்கப் பதினொன்றரை, மறுநாள் எழுவது ஐந்துக்கு முன். இதில் சைட் வாசலில் வீணாகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நீங்கள் திருப்பிக் கொடுக்க முடியும். லாரி எந்த சைட்டில் முதலில் ஆள் ஏற்றுவது என்ற வரிசையை மாற்றினாலே அது குறையும். ஊழியர் நலம் என்று நடத்தும் எந்த யோகா வகுப்பும் இதற்கு ஈடாகாது. (யோகா மீது எனக்குக் கோபம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பதுதான் கோபம்.)

வெயில், தண்ணீர் விஷயத்தில் விதி தெளிவாகவே இருக்கிறது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடின வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். மணிக்குக் குறைந்தது 300 மில்லி தண்ணீர். புதிதாக வந்தவரை வெயிலுக்குப் பழக்க 7 நாளாவது வேண்டும். இதெல்லாம் 2023 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

ஆனால் சைட்டில் கணக்கு எங்கே தப்புகிறது? பத்து மணி நேரத்துக்கு ஓர் ஆளுக்கு 3 லிட்டர், இருபது பேருக்கு 60 லிட்டர். வாட்டர் கூலர் தரைத்தளத்தில் இருக்கிறது, வேலை எட்டாவது மாடியில். ஹாய்ஸ்ட்டில் (சைட்டில் ஆளையும் சாமானையும் மேலேற்றும் லிப்ட்) சாமான் ஏறிக்கொண்டிருக்கிறது. யார் இறங்கி வருவார்? கழிப்பறையும் கீழேதான் என்றால், இறங்க வேண்டாமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். காலையில் முதல் ஹாய்ஸ்ட்டில் சிமெண்ட்டுக்கு முன்னால் தண்ணீர்க் கேனை ஏற்றுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி ஏற்ற ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். பெயர் எழுதாவிட்டால் யாரும் ஏற்ற மாட்டார்கள்.

உணவகங்களில் கதை வேறு. மதிய வேலை முடிந்து மூன்று மணியிலிருந்து ஆறு வரை இடைவேளை என்று ரோஸ்டரில் இருக்கும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடையில் வரும் காய்கறிக்குக் கையெழுத்துப் போடுவது இடைவேளை ஆகாது. சரக்கை மூன்று மணிக்கு முன் வரச் சொல்லுங்கள்.

அலுவலகம் பற்றி ஒன்று மட்டும். 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்டு ஒருவர் முறையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 'பார்க்கலாம்' என்பது பதில் அல்ல.

சம்பளத் தேதியையும் மறக்க வேண்டாம். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி. ஊரில் வட்டி கட்டும் தேதி தள்ளிப்போகாது. நம் பேங்க் டிரான்ஸ்பர் தள்ளிப்போன இரவில் அவர் தூங்குவதும் இல்லை.

இதையெல்லாம் ஊழியர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் வேறு கம்பெனியாக இருந்தால், உங்கள் லாரி எத்தனை மணிக்கு வருகிறது, சம்பளம் எந்தத் தேதியில் விழுகிறது என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். கட்டுமானத் துறையில் வெளிநாட்டு ஊழியரின் வேலை பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை, ஊழியர் உங்கள் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளியிடம் மாறலாம். ஐம்பது வெள்ளி கூட்டித் தருகிறேன் என்று நீங்கள் அப்போது போய்க் கேட்டால், அவர் பெரும்பாலும் வேறு இடத்தில் பேசி முடித்திருப்பார்.