டிக்ளேரும் அனவுன்ஸும்

‘டிக்ளேர், அனவுன்ஸ் இரண்டும் ஒரே பொருள்தான், எங்கேயும் மாற்றிப் போடலாம்’ என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். தமிழில் இரண்டையும் ‘அறிவித்தல்’ என்றே எழுதுவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் எல்லா இடத்திலும் மாற்ற முடியாது.

அனவுன்ஸ் என்றால் ஒரு செய்தியைப் பலருக்குத் தெரிவிப்பது, சரி. டிக்ளேரில் பல நேரம், அதிகாரம் உள்ளவர் சொன்னதுமே காரியம் நடந்துவிடும். டெஸ்ட் போட்டியில் பேட்டிங் அணியின் கேப்டன் டிக்ளேர் செய்தால் இன்னிங்ஸ் அத்தோடு முடிந்தது. அங்கே அனவுன்ஸ் என்று யாரும் சொல்வதில்லை.

சந்தேகமிருந்தால், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் கிளப்பான எம்சிசியின் இணையதளத்தில் விதி 15ஐப் படித்துப் பாருங்கள். டிக்ளேர் செய்வது ஒரு பிரிவு. அந்த முடிவை எதிரணி கேப்டனுக்கும் நடுவர்களுக்கும் தெரிவிப்பது தனிப் பிரிவு, அதற்கு விதியில் எழுதியிருக்கும் சொல் நோட்டிஃபை.