வாயைத் திறந்தால் பத்து ரூபாய்

ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கடையில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் ஏராளம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அப்படித்தான். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வாள். மெச்ச வேண்டிய வித்தை. பள்ளியில் அதற்கு உண்டியல் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் தவிர எது பேசினாலும் பத்து ரூபாய்!

போன வாரம் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கழித்தல் புரியவில்லை. 'பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குடி' என்று இவள் தெலுங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குக் கணக்கு வந்தது, இவளுக்கு ஃபைன் வந்தது.

போய்க் கேட்டால், "வீட்லயும் இங்கிலீஷே பேசுங்க சார், குழந்தை கன்ஃப்யூஸ் ஆகுது" என்கிறார் மிஸ். குழம்பியது யாரம்மா? (ஸ்டாஃப் ரூமில் அவர் பேசுவது நல்ல சேலத்துத் தமிழ். அங்கே உண்டியல் கிடையாது.) இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவு. அதையும் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் கவர்மென்ட் ஸ்கூலுக்கு சார்."

இப்போது மகள் வகுப்பில் எந்த மொழியிலும் வாய் திறப்பதில்லை. டைரியில் 'வெரி குட்' போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.