விலை ஏறிவிட்டதாம், ஆகவே முடிவு சரியாம்

சில நாட்களாக முகநூலைத் திறந்தாலே ஒரே படம்தான் கண்ணில் படுகிறது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை வரைபடம், அதில் சட்டென்று மேலேறும் பச்சைக் கோடு, அதற்குக் கீழே சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்ற பாவனையில் ஒரு வரி. 2024 நவம்பர் 6-ஆம் தேதி என்ன அறிவிக்கப்பட்டது, மொத்த ஊழியர்களில் 13 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 660 பேர், எப்படி வெளியே அனுப்பப்பட்டார்கள் என்பதையெல்லாம் இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்களில் பலருக்கு அவர்களில் ஒருவரையாவது நேரில் தெரிந்திருக்கும். எனக்கு எரிச்சலூட்டியது அந்த அறிவிப்புகூட இல்லை. மறுநாள் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் விலை 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதும், "பார்த்தீர்களா, முடிவு சரியென்று நிரூபணமாகிவிட்டது" என்று நம் ஆட்களே வெற்றிக் களிப்போடு எழுதத் தொடங்கினார்களே, அதுதான்.

நிதானமாகவே சொல்ல முயல்கிறேன். பங்கு விலை ஒரே நாளில் ஏறியது என்றால், அன்று அதை வாங்க நினைத்தவர்கள் விற்க நினைத்தவர்களைவிட அவசரத்தில் இருந்தார்கள் என்று பொருள். அதற்கு மேல் அதில் எந்த ஒழுக்க நூலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது ஆட்குறைப்புக்கான நற்சான்றிதழ் ஆகாது.

அந்த ஒரே நாளில் எத்தனை செய்திகள் ஒன்றாக வந்தன என்பதை, படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் படித்தார்கள்? மூன்றாம் காலாண்டு வருவாய் 186.6 மில்லியன் டாலர், முந்தைய ஆண்டைவிட 22 விழுக்காடு கூடுதல், சந்தை எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவு. ஆண்டு முழுமைக்குமான எதிர்பார்ப்பையும் நிறுவனம் உயர்த்தியது. அத்துடன் 400 மில்லியன் டாலருக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கிக்கொள்ளும் பைபேக் அறிவிப்பு. இவற்றோடு சேர்ந்து வந்ததுதான் ஆட்குறைப்பு. இத்தனையும் ஒரே மாலையில் வெளியாகி மறுநாள் விலை ஏறினால், ஏற்றத்தின் பெருமை முழுவதையும் வேலை இழந்தவர்களின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில்கூட ஒரு காக்கைதான் இருந்தது.

பைபேக் என்றால் என்னவென்று தெரியாமலே அதைக் கொண்டாடுகிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நிறுவனம் தன் ரொக்கத்தைக் கொண்டு சந்தையிலிருந்து தன் பங்குகளை வாங்கிக் கழித்துவிடுகிறது. பங்குகளின் எண்ணிக்கை குறைவதால், இலாபம் ஒரு காசு கூடாவிட்டாலும் ஒரு பங்குக்கான இலாபம் கூடியதாகத் தெரியும். 400 மில்லியன் டாலர் என்பது அன்றைய சந்தை மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று எவர் சொன்னாலும் விலை ஏறத்தான் செய்யும். முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கும் 2023 பிப்ரவரியில் ஒரே நாளில் 23 விழுக்காடு அளவுக்கு ஏறியது. அதற்கு முந்தைய மாலையில் அது 40 பில்லியன் டாலர் பைபேக்கை அறிவித்திருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு 11,000 பேரை அனுப்பியிருந்ததும் அதே மெட்டாதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆளைக் குறைத்தால் பங்கு ஏறும் என்று ஒரு சூத்திரத்தை அன்றே எழுதிவிட்டார்கள்.

அந்தச் சூத்திரம் மெய்யாக இருந்தால் இன்டெல் என்ன பாவம் செய்தது? இதே 2024-இல், ஆகஸ்ட் முதல் தேதி, அது ஏறத்தாழ 15,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மறுநாள் பங்கு 26 விழுக்காடு சரிந்தது. முடிவுகள் மோசம், டிவிடெண்ட் நிறுத்தம், அதனால் விழுந்தது என்பீர்கள். மிகச் சரி. விலை விழும்போது ஆயிரம் காரணங்களை அலசத் தெரிந்த உங்களுக்கு, ஏறும்போது மட்டும் ஏன் ஒரே காரணம் கண்ணில் படுகிறது?

சரி, சந்தைதான் நீதிபதி என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். 2021 செப்டம்பரில் இந்த நிறுவனம் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அது பெரும்பாலும் வெளியீட்டு விலைக்குக் கீழேயே கிடந்தது, பாதிக்கும் கீழே இறங்கவும் செய்தது. இந்த நவம்பர் ஏற்றத்துக்குப் பிறகும் பாதியைத் தொடவில்லை. நீதிபதியின் அந்த மூன்றாண்டுத் தீர்ப்பை ஏன் யாரும் படம் எடுத்துப் போடவில்லை? விலை இறங்கியபோது சந்தைக்கு நீண்டகாலப் பார்வை இல்லை என்று எழுதிய அதே கை, இப்போது சந்தை ஒருபோதும் தவறாது என்று எழுதுகிறது.

2021-இல் நடந்த கொண்டாட்டமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையில் 2010-இல் தொடங்கிய நிறுவனம் நாஸ்டாக்கில் மணி அடித்தது என்பதும், 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார்கள் என்பதும் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. எனக்கும் பெருமைதான், மறுக்கவில்லை. அன்று அது நம்ம ஊர் நிறுவனம், திருச்சிக்காரர் கட்டியது, ஓ.எம்.ஆர். (சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சாலை) பிள்ளைகள் உழைத்தது. இன்று ஆட்களை அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், அது கலிஃபோர்னியாவின் சான் மடேயோவில் தலைமையகம் கொண்ட அமெரிக்க நிறுவனம், அமெரிக்கச் சந்தையின் விதிப்படிதான் நடக்கும், நீ யார் கேட்பதற்கு என்கிறார்கள். மாலை போடும்போது சென்னை, கேள்வி வரும்போது கலிஃபோர்னியா. நல்ல ஏற்பாடு.

இதை நான் ஓரமாக நின்று பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு அதே ஓ.எம்.ஆர். சாலையில், பெயர் வேண்டாம், அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்தேன். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் எங்கள் பங்கின் விலை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் எங்கள் பிரிவில் சிலருடைய கடவுச்சொற்கள் வேலை செய்யவில்லை. மதியத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் விலை ஏறியது. அன்றைக்கும் மேலிடத்திலிருந்து மகிழ்ச்சி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

போனவர்களில் ஒரு அக்கா இருந்தார். வாடிக்கையாளரிடமிருந்து வரும் மின்னஞ்சலை டிக்கெட்டாக, அதாவது எண் கொடுத்துப் பின்தொடரும் கோரிக்கைப் பதிவாக மாற்றும் பகுதி அவருடைய கையில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சாதாரண வேலை. ஆனால் எதிர்முனையில் ஒருவர் விடுப்பில் இருந்து, அவருடைய தானியங்கிப் பதில் நம் பெட்டிக்கு வந்தால், அதற்கு நம் மென்பொருள் ஒரு டிக்கெட் திறந்து பதில் அனுப்பும். அந்தப் பதிலுக்கு மறுபடியும் ஒரு தானியங்கிப் பதில் வரும். இப்படியே விடிவதற்குள் ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகள் குவிந்துவிடும். அந்தச் சுழலை எந்தெந்த அஞ்சல் சேவைக்கு எப்படித் தடுக்க வேண்டும் என்ற விதிகள் பாதி நிரலிலும் மீதி அந்த அக்காவின் தலையிலும் இருந்தன. தலை வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த பண்டிகை விடுமுறையில் வாடிக்கையாளர்களின் திரைகள் குப்பை டிக்கெட்டுகளால் நிரம்பின. தொலைபேசியில் வசவு வாங்கியவர்கள், வேலை தப்பியவர்கள் என்று பெயரெடுத்த நாங்கள். அவருடைய எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாமா என்று ஒரு மேலாளர் கூசாமல் கேட்டார். அந்த அக்கா பதிலும் சொன்னார். அதை இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தக் கதையை வெறும் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. இவ்வகை மென்பொருள் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவில் விற்கப்படுகிறது. சேவை கெட்டுப்போனால் வாடிக்கையாளர் அன்றே ஓடிவிடுவதில்லை. தரவை எடுத்து வேறு தளத்துக்கு மாற்றுவதும், ஊழியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுப்பதும் பெரிய தலைவலி என்பதால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வரை பொறுத்துக்கொள்கிறார். எங்களிடமிருந்தும் அப்படித்தான் அடுத்த ஆண்டு போனார்கள், ஒருவர் பின் ஒருவராக. ஆக, இன்றைய ஆட்குறைப்பால் தளம் பாழாகிறதா, சீராகிறதா என்பது நான்கைந்து காலாண்டுகளுக்குப் பிறகுதான் கணக்கில் ஏறும். நவம்பர் 7-ஆம் தேதியின் விலைக்கு அது எப்படித் தெரியும்? மறுபடியும் சொல்கிறேன், மறுநாள் விலை எதையும் நிரூபிக்கவில்லை.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள். போட்டி நிறுவனமான ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் குரலில் பேசுகிறாய் என்று முதல் ஆள் சொல்வார். ஒரு பில்லியன் டாலர் ரொக்கம் வைத்துக்கொண்டு, 20 விழுக்காட்டு வளர்ச்சியோடு, ஆட்களையும் அனுப்பிவிட்டு, 400 மில்லியனுக்குப் பைபேக்கும் செய்வது அப்பட்டமான பேராசை என்று அவர், பெயர் குறிப்பிடாமல், எக்ஸ் தளத்தில் எழுதினார். அவருக்கும் இவர்களுக்கும் பழைய கணக்கு உண்டு என்பது ஊரறிந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோவிலிருந்து வந்தவர். 2020-இல் ஜோஹோ அமெரிக்க நீதிமன்றத்தில் ஃபிரெஷ்வொர்க்ஸ் மீது வழக்கே போட்டது, பின்னர் அது சமரசமாக முடிந்தது. வேம்புவுக்குப் போட்டியாளரைக் குத்திக்காட்டும் ஆசை இருந்திருக்கலாம். அதனால் அவர் காட்டிய ரொக்கக் கையிருப்பு கரைந்துவிடுமா? ஜோஹோவைப் போலப் பங்குச் சந்தையில் பட்டியலிடாத நிறுவனம் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை என்ற எதிர்வாதம் உண்மையில் கனமானது. அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்று அதை இழுப்பவர்கள் பேச்சை மாற்றத்தான் இழுக்கிறார்கள்.

அடுத்து, நிறுவனம் நட்டத்தில்தானே ஓடுகிறது என்பார்கள். கணக்கியல் நெறிப்படி அந்தக் காலாண்டிலும் நட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் ஊதியத்தையும் செலவாக எழுத வேண்டும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். கையில் வரும் ரொக்கம் உபரியாகவே இருந்தது. கையில் காசில்லாமல் செய்த ஆட்குறைப்பாக இருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். காசில்லாதவர் 400 மில்லியன் டாலருக்குப் பைபேக் செய்வாரா?

பங்கு கொடுத்துக் கோடீஸ்வரர் ஆக்கினார்களே, நன்றி இல்லையா என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். கோடீஸ்வரர் ஆனவர்கள் 2021-க்கு முன்பே உள்ளே இருந்தவர்கள். அதற்குப் பின் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்த பங்கின் மதிப்பு, விலை விழ விழக் கரைந்தது. அந்தப் பங்கு தவணை தவணையாகத்தான் கைக்கு வரும். வந்த அன்றைய விலைக்கு இங்கே சம்பளத்தைப் போல வருமான வரி கட்ட வேண்டும், பிறகு விலை விழுந்தாலும் கட்டிய வரி திரும்பாது. வேலை போனால் கைக்கு வராத தவணைகள் பொதுவாகப் போனதுதான். இப்போது வெளியேறியவர்களில் அப்படிப்பட்ட இளைஞர்கள் எத்தனை பேர் என்று யோசித்துவிட்டு நன்றியைப் பற்றிப் பேசுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஆட்கள் தேவையில்லை என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நிறுவனத்தின் முதன்மைச் சரக்கு என்ன? வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மென்பொருள். அதை ஓர் ஊழியருக்கு மாதம் இவ்வளவு என்றுதான் விற்றுப் பழகியிருக்கிறார்கள். சேவைக்கு ஆளே வேண்டாம் என்பது மெய்யானால் இவர்களிடம் சந்தா வாங்குகிறவரின் எண்ணிக்கையும் சேர்ந்தே குறையும். ஆகையால் விசில் அடிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள் ஐயா.

கடைசியாக, உன்னிடம் அந்தப் பங்கு இல்லை, வயிற்றெரிச்சலில் எழுதுகிறாய் என்ற பதில். இருக்கிறது. பங்கு வெளியீட்டுப் பரபரப்பில், வெளியீட்டு விலைக்கும் மேலே கொடுத்து, வெளிநாட்டுப் பங்கு வாங்கும் செயலி ஒன்றின் வழியாகக் கொஞ்சம் வாங்கினேன், நம்ம ஊர் என்ற பாசத்தில். ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று அதைக் காட்டிக்கொண்டும் இருக்கிறேன். வாங்கிய விலையை எட்டாவிட்டாலும், நவம்பர் 7-ஆம் தேதி ஏற்றத்தில் எனக்கும் ஆதாயம்தான். என் பங்கு ஏறியது என்பதற்காக அடுத்தவரின் வேலை போனது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வருகிறது.

பங்கு விலைப் படத்தை மறுபடியும் இங்கே ஒட்டுபவர்களுக்குப் பதில் எழுதப் போவதில்லை. உங்கள் அலுவலகத்தில் சேவைப் பிரிவிலோ, மென்பொருள் சோதனையிலோ ஆள் தேவைப்பட்டால் மட்டும் கீழே எழுதுங்கள். தற்குறிப்பை அனுப்பி வைக்க எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓ.எம்.ஆருக்கு அருகில் இருந்தால் நல்லது. இரண்டு பேருக்குச் சிறு குழந்தைகள்.