வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள்

சித்திரைத் திருநாள் விருந்தில் நடந்த பேச்சு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் வாட்ஸப்பில் வந்திருக்கும். யார் சொன்னார், யாரெல்லாம் சிரித்தார்கள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. “இருநூத்தி நாப்பத்தஞ்சு மில்லியன வாங்கிட்டு எட்டே மேட்ச் ஆடினான், இப்ப கை வலிக்குதுன்னு வீட்டுக்குப் போயிட்டான்” என்ற அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் பிட்ச்சர் (பந்து எறிகிறவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பற்றிய பேச்சு அது: 2019 கடைசியில் ஏழு வருடத்துக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதற்குப் பிறகு ஆடியது எட்டே ஆட்டம். அங்கேயே சொல்லியிருப்பேன். நல்ல நாளும் அதுவுமாக ஒருவர் வீட்டில் சண்டை எதற்கு என்று இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் ஏமாற்றவில்லை. அவர் கை போய்விட்டது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

எட்டு ஆட்டம் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு மற்றதையும் எண்ணத் தெரிய வேண்டும். 2010 ஜூன் 8 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 21 வயது. அன்று 14 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்க விடாமலே வெளியேற்றினார். தப்பாக எறிந்து ஒருவருக்குக்கூட வாக், அதாவது இலவசமாக முதல் தளம், கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை. கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பௌலர் கையை நீட்டிச் சுழற்றுகிறார், பிட்ச்சர் முழங்கையை மடக்கி எறிகிறார். மணிக்கு நூறு மைல் வேகத்தில் எறியும்போது அந்த இழுவையில் பெரும்பங்கு முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னத் தசைநாரில் இறங்குகிறது. அது கிழிந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டுவார்கள். இது முதல் அறுவை சிகிச்சை. 2021இல் கழுத்துப் பக்கம் நரம்பு நசுங்குகிறது என்று ஒரு விலா எலும்பையும் கழுத்துத் தசைகள் இரண்டையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் திரும்பி வந்து 2022 ஜூனில் மயாமிக்கு எதிராக ஒரு ஆட்டம் ஆடினார். அதுதான் கடைசி. விலா எலும்பை எடுத்துக்கொடுத்துவிட்டு மறுபடி மைதானத்துக்கு வந்தவரைத்தான் சோம்பேறி என்கிறீர்கள்.

2012 ஞாபகம் இருக்கிறதா? அறுவை சிகிச்சை செய்த கையைக் காப்பாற்ற வேண்டும் என்று 159 இன்னிங்ஸோடு (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) அணி அவரை நிறுத்தி வைத்தது. நேஷனல்ஸ் 98 ஆட்டம் ஜெயித்த வருடம் அது. பிளே-ஆஃபில் கார்டினல்ஸ் அணியிடம் தோற்றதும் இதே வாய்கள் என்ன சொல்லின? “பொத்திப் பொத்தி வெச்சுக் கெடுத்துட்டானுங்க, எறிய விட்டிருக்கணும்.” ஓய்வு கொடுத்தாலும் குற்றம், கை போனாலும் குற்றம். 

பிறகு 2019. அந்த வருடம் சீசனில் 209 இன்னிங்ஸ் எறிந்தார். பிளே-ஆஃபில் மேலும் 36. அந்த பிளே-ஆஃபில் ஐந்து வெற்றி அவர் கணக்கில், ஒரு தோல்விகூட இல்லை. பிளே-ஆஃபின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஹூஸ்டனில், தோற்றால் எல்லாம் முடிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்று எறிந்தார். தொடர் நாயகன் அவர்தான். அன்று ராத்திரி நம் குடியிருப்பே தூங்கவில்லை. மறுநாள் கோப்பை வந்ததும் சிவப்புத் தொப்பி வாங்க ஓடியவர்களில் விருந்தில் சிரித்தவர்களும் உண்டு. அந்தக் கை அன்றைக்கு உங்களுக்காகத்தான் உழைத்தது.

“சரி, அதுக்குத்தான் ஏழு வருஷத்துக்குக் காசு கொடுத்தாங்களே?” ஆமாம், கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது இரண்டு தரப்பு. ஏற்கெனவே ஒட்டுப்போட்ட கை என்று அணி முதலாளிக்குத் தெரியாதா? எங்கள் டிக்கெட் காசு, அந்தப் பணத்தில் வேறு ஆளை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்திருக்கலாம்தான். அதை முதலாளியிடம் கேளுங்கள். 2023 செப்டம்பரில் ஓய்வை அறிவிக்கக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு அதையும் ரத்து செய்தார்கள். மீதிப் பணத்தில் பேச்சு ஒத்துவரவில்லை என்றுதான் பத்திரிகைகள் எழுதின. நேஷனல்ஸ் அணிக்கு முதல் உலகத் தொடர் கோப்பை வாங்கிக் கொடுத்த வீரர் ஒரு மேடைகூட இல்லாமல், 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கையோடு போய்விட்டார். அதற்கு யாருக்கும் கோபம் வரவில்லையே!

பழைய டாட்ஜர்ஸ் அணி பிட்ச்சர் சாண்டி கோஃபாக்ஸை மட்டும் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். 1966இல் 27 வெற்றி எடுத்த கையோடு, 30 வயதில், முழங்கை மூட்டுவாதத்தால் விலகினார். அவர் நிஜமாகவே பெரிய மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருவர் வலிக்கும் என்ன வித்தியாசம்? அவர் அடுத்த வருடச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார், இவர் விடவில்லை. பணத்தை விட்டால்தான் வலி உண்மை என்று நம்புவீர்களா?

அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா, ஏன் இப்படிக் குதிக்கிறாய் என்று கேட்பீர்கள். மாமனும் இல்லை மச்சானும் இல்லை. என் பெரியப்பா மகன் சென்னை லீக்கில் ஒரு கம்பெனி அணிக்கு வேகப்பந்து வீசினான். ஆட்டத்தால் கிடைத்த வேலை. தோள்பட்டை போனபோது இருபத்தைந்துகூட ஆகவில்லை. தைலம் தேய்த்தார்கள், புத்தூர்க் கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். சட்டையைக் கொடியில் போடக் கை எழும்பாது. அணியின் மேலாளர், “வீக்கமே இல்லையே தம்பி” என்றார். வெளியாள் சொன்னதை விடுங்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்? “வேலைக்குப் போகச் சோம்பல், கையைக் காரணம் காட்டுறான்” என்று என் சொந்த அத்தை கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணன் அதோடு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டான். இன்றைக்கும் வருவதில்லை. அன்று சிரித்தவர்களின் சிரிப்புக்கும் சித்திரை விருந்துச் சிரிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து வந்தது அதனால்தான். மூட் அவுட், திமிர் என்றெல்லாம் பேசிக்கொண்டீர்களாம். பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை. விருந்தில் சிரித்த அப்பாக்களில் சிலர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வசந்தம் முழுக்க இரண்டு அணியில் எறிய வைக்கிறீர்கள். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் என்று நேஷனல்ஸ் ஆடுகிற மேஜர் லீக்கே வழிகாட்டி போட்டிருக்கிறது. காலையில் ஓர் அணிக்கு எறிந்த கணக்கு மாலையில் ஆடுகிற அணிக்குத் தெரியாது, சொல்வதும் இல்லை. போன வாரம் ஒரு பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு டக்அவுட்டுக்கு வந்தான். அவன் அப்பா கேட்ட முதல் கேள்வி, “நிஜமாவே வலிக்குதா?” அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பப் போனான். 

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான் வருகிறேன். பந்து எண்ணும் நோட்டு என் கையில்தான் இருக்கும். காலையில் வேறு எங்கே எறிந்தான் என்று ஒவ்வொரு பையனிடமும் நானே கேட்பேன். கணக்கு 85ஐத் தொட்டதும் எறிவதை நிறுத்தச் சொல்வேன். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் 20லேயே சொல்வேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இங்கே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.